சலூன் காருக்கு வார்த்த தண்ணீர்

பழைய பெரிய கார் ஒன்றை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டீர்கள். போன வெள்ளிக்கிழமை நான் உங்கள் கார் திருத்துகிற கராச்சுக்கு வந்தபோது, கொழும்பிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்த அந்த நீளமான சலூன் காரையும் காட்டினீர்கள். நான்கு பேர் அதைச் சுற்றி நின்று, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி முன்னாலும் பின்னாலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தத் தொழிலை விட்டு நாலு வருடமாகிறது, ஆனாலும் நல்ல எஞ்சின் ஒன்றின் சத்தம் கேட்டால் காது தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

பிறகு தேத்தண்ணி தந்தீர்கள். எனக்குக் கண்ணாடிக் கிளாசில். குடித்துக்கொண்டே பார்த்தேன், பின்சுவரில் ஓர் ஆணியில் தேத்தண்ணி குடிக்கிற நெளிந்த தகரப்பேணி ஒன்று தொங்கியது. அது யாருக்கு என்று கேட்டேன். "அது வேறை ஆக்கள் வந்தால் குடுக்கிறதுக்கு அண்ணை" என்றான் உங்களில் ஒருவன், ஸ்பனர் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்லுகிற அதே குரலில். நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று பின்னால் கதைத்திருப்பீர்கள். கதையுங்கள். கேட்டதை எழுதித் தருகிறேன். ஆனால் கோபம் ஆறட்டும், பிறகு எழுதுவோம் என்று பார்த்தேன், ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

வாங்குவதைப் பற்றி முதலில். பெயின்ற்றைப் பார்த்து வாங்குகிறவனுக்குப் பெயின்ற்தான் மிஞ்சும். கதவைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். அது தன் பாரத்தில் கீழே தொங்கினால் அந்தக் கார் மைல்காட்டி சொல்லுவதைவிட நிறைய ஓடியிருக்கிறது. கால் வைக்கிற பெடல் றப்பர் தேய்ந்திருக்கிறதா, நேற்றுத்தான் புதிதாகப் போட்டார்களா என்று பாருங்கள். சீற்றைத் தூக்கி மணந்து பாருங்கள், வெள்ளத்தில் நின்ற கார் என்றால் ஈர நாற்றம் அடிக்கும். எஞ்சினை முதலே சூடாக்கி வைத்துக்கொண்டு காட்டுகிறவனை நம்பாதீர்கள். குளிர்ந்து கிடக்கிற நேரம் சொல்லாமல் போய், எஞ்சினில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஏழெட்டு வருடம் ஓடிய கார் ஒன்று இன்னும் நன்றாக இருந்தால், அதை நன்றாக வைத்திருந்த ஆள் ஒருவன் எங்கேயோ இருக்கிறான். அவனைத் தேடிப் பிடியுங்கள். நான் பிடித்தேன். பிடித்து அவனை நாசமாக்கினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஏழெட்டு வருடத்துக்கு முந்திய காலம். யாழ்ப்பாணத்தில் தொண்டைமானாற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில், மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பிய பென்சன்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பென்சன் ஐயா என்றே சொல்லுகிறேன். அவருக்கு ஒரே மகள். கலியாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை நல்லூரில். மாப்பிள்ளையை அழைத்துவரக் குடாநாட்டில் வேறு எவரிடமும் இல்லாத கார் ஒன்று வேண்டும் என்று ஐயா பிடிவாதமாக இருந்தார். கொழும்பில் வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், ஆறு சிலிண்டர் சலூன் கார் ஒன்றை விற்கிறார் என்று தகவல் வந்தது. பார்த்துச் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது நான் பட்டினத்தில் ஒரு கராச்சில் தலைமை மெக்கானிக். எனக்குத் தெரியாத எஞ்சின் இல்லை என்ற நினைப்பு.

காரைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு சுத்தம். ஏதோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மேலிருந்து கீழ்வரை குடைந்தேன். கடைசியாக றேடியேற்றர் மூடியைத் திறந்தேன். எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் நிற்கிற தொட்டி அது. ஒரு காரின் உண்மையான வயது அங்கேதான் தெரியும். உள்ளே விரலை விட்டுச் சுற்றிவர வழித்து எடுத்தேன். விரல் சுத்தமாக வந்தது. ஏழு வருட எஞ்சினில் அப்படி நான் கண்டதில்லை.

"உந்தக் காரை ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்தான் ஐயா" என்றான் பக்கத்தில் நின்ற சாரதி. முப்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். கையில் துணி ஒன்று.

"என்ன தண்ணி வாக்கிறனி?"

"பைப்புத் தண்ணி ஐயா. ஞாயிறுக்கு ஞாயிறு முழுக்க இறக்கிப்போட்டுப் புதுசு வாக்கிறனான்."

பேச்சைக் கேட்டதும் ஊர் எது என்று விசாரித்தேன். பென்சன் ஐயாவின் ஊர்தான், ஆனால் கடலேரிக் கரையோரமாக ஒதுங்கியிருந்த குறிச்சி. அதைச் சொன்னதும் ஐயாவின் முகம் மாறியது. கோயிலுக்குள் விடாத, ஊர்க்கிணற்றில் வாளி போட விடாத ஆட்களின் குறிச்சி அது. லைசென்சில் அவன் பெயர் மயில்வாகனம். ஐயா அந்த நிமிடத்திலிருந்தே அவனை மயிலன் என்று கூப்பிடத் தொடங்கினார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நான் ஐயாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "காரை மட்டும் வாங்கினால் அரைவாசியை விட்டிட்டுப் போறமாதிரி ஐயா. உந்த றைவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, காருக்குத்தானே. வீட்டுக்குள்ளையோ வரப்போறான்?" என்றார். மயிலனுக்கும் சந்தோஷம். பெண்சாதி பிள்ளைகள் ஊரில், அவன் கொழும்பில் என்று ஏழு வருடமாக இருந்தவன். இப்படி ஒரு நல்ல யோசனை எனக்கு வந்ததே என்று நான் ஊர் வந்து சேரும் வரைக்கும் என்னையே மெச்சிக்கொண்டு வந்தேன்.

ஊரில் காரை ஒப்படைத்த அன்று, ஐயாவின் வளவில் வைத்தே மயிலனுக்குச் சொன்னேன். இது கொழும்புத் தண்ணீர் இல்லை. நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கடலேரிப் பக்கத்துக் கிணறுகள் உவர். எஞ்சினுக்குள் அது போனால் உப்புப் படியும், குழாய் அடைக்கும், இரும்பைத் தின்னும். "நல்ல தண்ணி மட்டும் வார். விளங்குதே?" என்றேன். "ஓம் ஐயா" என்றான். பென்சன் ஐயா பக்கத்தில் நின்று தலையாட்டினார். கார்க்கொட்டிலுக்கு இருபது அடி தள்ளி, நீளத் தடியில் வாளி கட்டி இறைக்கிற அவருடைய துலாக்கிணறு. அந்த ஊரிலேயே இனிப்பான தண்ணீர் அதுதான். நான் கிணற்றைப் பார்த்தேன், திருப்திப்பட்டேன், போய்விட்டேன்.

என் முதல் பிழை அது. ஒருவனிடம் நல்ல தண்ணீர் வார் என்று சொன்ன நான், அவன் அதை எங்கே அள்ளுவான் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா? இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு, எவன் எந்தக் கிணற்றைத் தொடலாம் என்பது தெரியாதா? தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். நம் ஊரில் அந்தப் பழக்கம் பால் குடிக்கிறபோதே வந்துவிடுகிறது.

ஆறேழு மாதம் கழித்து மயிலன் கராச்சுக்கு வந்தான். கார் சூடாகிறது என்றான். எனக்கு அன்று தலைக்கு மேல் வேலை. விசிறியின் பெல்ற்றை இறுக்கிவிட்டு, "நல்ல தண்ணிதானே வாக்கிறாய்?" என்று கேட்டேன். அவன் "ஐயா, ஒரு விசயம்" என்று தொடங்கினான். வேறு இரண்டு கார்க்காரர் காத்துக்கொண்டு நின்றார்கள். "பிறகு கதைப்பம்" என்றேன். தேத்தண்ணி கொடுக்கச் சொன்னேன். எங்கள் கராச்சிலும் ஒரு தகரப்பேணி இருந்தது. ஆணியடித்து அதை மாட்டியவன் நான்தான். மயிலன் வெளியே வேம்படியில் குந்தியிருந்து குடித்தான், கழுவினான், கொண்டுவந்து ஆணியில் மாட்டினான், போனான். வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிய நல்ல மனிதன் என்று என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டேன்.

கலியாணம் வந்தது. கார் தெரிந்த ஆள் கூட நிற்கட்டும் என்று ஐயா எனக்கும் சொல்லியிருந்தார். காலையில் நல்லூரிலிருந்து மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கார் ஒழுங்காகத்தான் வந்தது. ஊர் எல்லையில் மேளக்காரர் காத்திருந்தார்கள். அங்கேயிருந்து பெண் வீடு ஒன்றரை மைல். ஊர் முழுக்கக் காரைப் பார்க்க வேண்டும் என்று ஐயா நினைத்தார். மேளமும் நாதஸ்வரமும் முன்னே நடக்க, பின்னே கார் ஊர்ந்தது. சந்திக்குச் சந்தி நின்று வாசித்தார்கள். வைகாசி வெயில். பெரிய எஞ்சின் ஒன்றை ஆமை வேகத்தில் உருட்டினால் காற்று உள்ளே போகாது. நல்ல தண்ணீர் நிற்கிற காரே திணறும். எனக்கு அது தெரியும். ஐயாவிடம் சொல்லியிருக்கலாம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நானும் காரோடு பெருமையாக நடந்துகொண்டிருந்தேன்.

பாதி வழியில் ஆவி கிளம்பியது. எஞ்சினை மூடுகிற பொனற்றின் மேல் போட்டிருந்த பூமாலை சுருண்டது. மயிலன் எஞ்சினை நிறுத்தி இறங்கினான். மேளம் நின்றது. முன்னால் போன ஐயா திரும்பி ஓடிவந்தார். முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை.

"தண்ணி கொண்டுவாங்கோ. கெதியாக் கொண்டுவாங்கோ" என்று கத்தினார்.

இரண்டு பக்கமும் வீடுகள். எல்லா வீட்டிலிருந்தும் வாளிகள் வந்தன. அந்த ஊரின் நல்ல தண்ணீரெல்லாம் அன்றைக்கு அந்தக் காருக்கு வந்தது. ஒரு வருடமாகத் தண்ணீர் அள்ளிக் கொடுக்க மனமில்லாத ஊர், கொடுக்கவே கூடாத அந்த நேரத்தில் வாளி வாளியாகக் கொடுத்தது.

மயிலன் காரின் முன்னால் குறுக்கே நின்றான். "ஐயா, இப்ப வாக்கக்கூடாது. எஞ்சின் கொதிச்சுக் கிடக்கு. பச்சைத்தண்ணி பட்டால் வெடிச்சுப்போம். கொஞ்சம் ஆறட்டும்."

பென்சன் ஐயா அவனுடைய கன்னத்தில் அறைந்தார். சனம் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீர் சொல்லும், வாக்கலாமோ?"

உங்களிடம் இதைத்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்கிறவன் பதில் கேட்பதில்லை, சம்மதம் கேட்கிறான். மயிலன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். முதல் வருடம் பழகுகிறவனுக்கே தெரியும். "வாக்க வேண்டாம்" என்று இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லைச் சொன்னால், அறை வாங்கியவன் சரி, அறைந்தவர் பிழை என்று ஊருக்கு முன்னால் சொன்னதாகிவிடும். நான் வாயைத் திறக்கவில்லை. ஐயா வாளியைப் பறித்துத் தன் கையாலேயே வார்த்தார். இரண்டாவது வாளியில் உள்ளே 'ணக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எஞ்சின் வெடித்த சத்தம் அது. மயிலனும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். மற்றவர்களுக்கு விளங்கவில்லை.

இதற்குப் பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? இல்லை. மட்காட்டில் வழிந்து காய்ந்திருந்த தண்ணீரின் தடம் வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற வியாதி. "உப்புத் தண்ணியெல்லோ வாத்திருக்கு" என்றேன், எல்லாருக்கும் கேட்க.

சனம் முழுவதும் மயிலனைத் திரும்பிப் பார்த்தது. அவன் பொனற்றில் கருகிக் கிடந்த மாலையை எடுத்து வேலியில் போட்டான். மாப்பிள்ளை மாட்டு வண்டிலில் ஏறிப் போனார். தாலி நேரத்துக்கு ஏறியது. கலியாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஐயாவின் மானம்தான் போனது. அதற்கு ஓர் ஆள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

காரை மாடு கட்டி இழுத்துக் கராச்சுக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சினைக் கழற்றினேன். தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வெள்ளைப் பொருக்கு, அரை அங்குலத் தடிப்பு. பக்கவாட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. ஏழு வருடம் விரலில் ஒன்றும் ஒட்டாத எஞ்சின். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மயிலன் வாசலில் வந்து நின்றான். ஐயா அவனை வேலையால் நிறுத்தியாயிற்று. அதோடு விடவில்லை. சாரதியின் கவனக்குறைவால் எஞ்சின் கெட்டது என்று கராச்சின் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். அதை லைசென்ஸ் கொடுக்கிற கந்தோருக்கும் அனுப்புவார், கார் வைத்திருக்கிற தன் சொந்தக்காரர் எல்லாருக்கும் காட்டுவார்.

"கடுதாசி குடுக்காதேங்கோ ஐயா" என்றான். "குடுத்தால் என்ரை லைசென்ஸ் போச்சு. வேறை தொழில் எனக்குத் தெரியாது."

நான் கத்தினேன். "நல்ல தண்ணி வார் எண்டு எத்தினை தரம் உனக்குச் சொன்னனான்?"

"சொன்னியள் ஐயா. எங்கை அள்ளுறது எண்டு சொல்லேல்லை."

"இருபது அடியிலை கிணறு கிடக்கேல்லையே?"

"கிடந்தது. துலாவிலை நான் கை வைக்கேலாது. ஆராவது வந்து அள்ளி வாத்துவிடுவினம் எண்டு சொல்லி முதல் நாள் நிண்டன். மத்தியானம் மட்டும் நிண்டன். ரண்டாம் நாள் ஒரு வாளி வாத்தவை. பிறகு, காருக்கும் எங்களாலை அள்ளேலாது எண்டு சொல்லிப்போட்டினம். காலமை ஆறு மணிக்குக் கார் வாசலிலை நிக்கவேணும். எங்கடை பக்கத்துக் கிணத்திலை அள்ளிக்கொண்டு வந்து வாத்தன்."

"அது உவர் எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும் ஐயா. உங்களிட்டைச் சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான்." எஞ்சினைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்களுக்கு வேறை கிணறு இல்லை. என்ரை பிள்ளையள் குடிக்கிற தண்ணியைத்தான் வாத்தனான்."

நான் ஸ்பனரைக் கீழே வைத்தேன். மேசையில் அந்த எஞ்சின் திறந்தபடி கிடந்தது. ஒரு வருடத்தில் இரும்பை இப்படி ஆக்கிய தண்ணீர். இரும்புக்காக அவ்வளவு நேரமும் வயிறெரிந்து கத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கரையில் எத்தனை பிள்ளைகள் அதைக் குடித்து வளருகின்றன என்று ஒரு நாளாவது யோசித்தவனா நான்? கொழும்பிலும் இதே கார், இதே சாரதி. இங்கேயும் இதே கார், இதே சாரதி. மாறியது தண்ணீர் ஒன்றுதான். எஞ்சினில் ஒரு பிழை வந்தால் எது மாறியது என்றுதானே முதலில் தேடுவோம்? ஒரு மெக்கானிக்குக்கு இது பிடிபட இவ்வளவு காலம் எடுத்தது வெட்கம்.

அடுத்த நாளே பென்சன் ஐயாவிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"நீர் கார் பாக்கிறவர். காரைப் பாரும். எங்கடை கிணத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்றார்.

"அவன் பிடிச்ச ஸ்டியரிங்காலைதானே ஐயா வெள்ளிக்கு வெள்ளி சந்நிதிக் கோயிலுக்குப் போய் வந்தனீங்கள்? அதிலை இல்லாத தீட்டோ துலாவிலை கிடக்கு?"

"கனக்கக் கதையாதையும்" என்றார். குரல் உயரவில்லை. "எஞ்சின் போனால் இன்னொண்டு எடுப்பிக்கலாம். கிணறு போனால் நான் என்ன செய்யிறது?"

அவர் மனதறிந்து அநியாயம் செய்கிற ஆள் இல்லை. கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் அவனோடு போயிருக்கும்.

கராச்சுக்குத் திரும்பினால் முதலாளி தாளை மேசையில் விரித்து வைத்திருந்தார். ஐயாவின் சொந்தக்காரரிடம் மட்டும் ஐந்து கார், எல்லாம் எங்கள் கராச்சுக்குத்தான் வரும்.

"எழுதடா தம்பி" என்றார் முதலாளி. "உப்புத்தண்ணி வாத்தது உவன்தானே? பொய்யே எழுதச் சொல்லுறன்?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். 'மயிலன் என்னும் சாரதி, முன்பே எச்சரித்தும், கவனக்குறைவாக உப்புநீரை வார்த்தமையால் எஞ்சின் பழுதடைந்தது.' ஒரு சொல் பொய்யில்லை. மொத்தத்தில் அவ்வளவும் பொய். துலாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். பச்சைத்தண்ணீர் வார்த்துத்தான் வெடித்தது, வார்த்தவர் காரின் சொந்தக்காரர் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் எனக்கு வேலை போயிருக்கும். போயிருந்தால் என்ன? எனக்கு எட்டுக் கராச்சில் வேலை கிடைக்கும். அவனுக்கு லைசென்ஸ் போனால் ஒன்றும் கிடைக்காது. இந்தக் கணக்கை அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

லைசென்ஸ் போன மயிலன் ஏழு வருடம் சுண்ணாம்புக்கல் உடைத்தான். இதை நான் பிறகு அறிந்தேன்.

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே விமானம் இறங்க வெளி வெட்டியது உங்களுக்குத் தெரியும். லொறி ஓட்ட ஆளில்லாமல் திண்டாடினார்கள். அவர்கள் சாதியும் கேட்கவில்லை, கடிதமும் கேட்கவில்லை. லொறியைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒருநாள் றேடியேற்றர் ஒழுகுகிற லொறி ஒன்றைத் திருத்தக் கராச்சிலிருந்து என்னை அனுப்பினார்கள். பக்கத்தில் நின்ற சாரதி, "வாங்கோ அண்ணை" என்றான். மயிலன். இல்லை, மயில்வாகனம். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் முழுப் பெயரும் இருந்தது. முன்பு என்னை ஐயா என்றவன். தலை அரைவாசி நரைத்திருந்தது, கைவிரல்கள் கல் உடைத்து நெளிந்திருந்தன.

இரண்டு மணித்தியாலம் இருவரும் சேர்ந்து வேலை செய்தோம். பழைய கதை ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. வேலை முடிந்தது. மரம் ஒன்றும் இல்லாத வெளி. வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே பட்டாளத்தார் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிற தாங்கி ஒன்று இருந்தது, அதில் ஒரு பைப். வெள்ளைக்காரனும் குடிப்பான், கூலிக்காரனும் குடிப்பான். அவன் போய்த் தன் பேணியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினான்.

"குடியுங்கோ அண்ணை."

என் கை எழும்பவில்லை. பொய் சொல்லி என்ன? எழும்பவில்லை. அந்தக் கடிதத்துக்காக எத்தனையோ நாள் என்னையே திட்டித் தீர்த்தவன் நான். பென்சன் ஐயாவோடு துலாவைப் பற்றி வாதாடியவன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, "எனக்கு விடாய்க்கேல்லை" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். எல்லாம் விளங்கியது அவனுக்கு. கோபப்படவில்லை. திரும்பி, நாங்கள் அப்போதுதான் திருத்திய றேடியேற்றரின் மூடியைத் திறந்து, அந்தத் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் அதற்குள் வார்த்தான்.

"நல்ல தண்ணி அண்ணை" என்றான். "வீணாக்கக்கூடாது."

மூடியை இறுக்கிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை. திருகோணமலைப் பக்கம் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

உங்கள் சலூன் காருக்கு வருகிறேன். எஞ்சின் நல்லது. இடது பக்க முன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மாற்றுங்கள். பிறேக் லைனிங் ஆறு மாதம் தாங்கும். றேடியேற்றருக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்து வார்த்துவிடுங்கள். ஆனால் 'வார்த்துவிடுங்கள்' என்று நான் சொன்னால் நீங்களா வார்க்கப் போகிறீர்கள்? நான் வந்த அன்று காலையில் அந்தக் காரைக் கழுவிக்கொண்டிருந்தாரே ஒருவர், அவருடைய பெயரை உங்களில் இரண்டு பேரிடம் கேட்டேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் எந்தக் கிணற்றில் அள்ளுகிறார் என்று யாராவது கேட்டீர்களா? பழைய கார் ஒன்றை வைத்துப் பராமரிப்பது என்றால் முதலில் அதைக் கேளுங்கள். அதைக் கேட்காதவன் கையில் எவ்வளவு நல்ல ஸ்பனர் இருந்தும் பிரயோசனமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை அந்த ஸ்பிரிங்கைப் பார்க்க வருவேன். அதற்கு முதல் அந்த ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பேணியை எறிய வேண்டாம். கழுவி வையுங்கள், எனக்குத் தேத்தண்ணி அதில்தான் வேண்டும். கண்ணாடிக் கிளாஸ் வேறு ஆட்கள் வந்தால் கொடுப்பதற்கு.